தோட்டத்துச் சுக்கினி குவிந்துவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் மாதம் முழுக்க, ஒரு பிஞ்சாவது பிடிக்காதா என்று செடியைச் சுற்றிச் சுற்றி வருவோம். ஜூலை பாதியில் நிலைமை மாறும். ஆகஸ்டில் சமையல் மேடை, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு, காரின் பின்சீட்டு என்று எங்கே பார்த்தாலும் சுக்கினி. பிரிட்டனில் வீட்டுப் பின்புறத்திலோ அலாட்மென்ட்டிலோ (வாடகைக்கு எடுக்கும் தோட்ட மனை) பயிர் வைக்கும் நம் ஆட்கள் வருடா வருடம் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இங்கே கடைகளில் கோர்ஜெட் என்று எழுதி வைத்திருப்பதும் இதே காய்தான்.

பதில்களில் பாதி ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். இந்தக் காயில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். புளிப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சேமிக்கும்போது வருகிற எல்லாத் தொல்லைக்கும் இந்த இரண்டுமே காரணம்.

நாலு செடிதான் வைத்தேன். எப்படி இவ்வளவு காய்க்கிறது?

நாலே அதிகம். ஒரு குடும்பத்துக்கு இரண்டு செடி தாராளம். சுக்கினி என்றாலே முகம் சுளிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒன்று போதும். ஆனால் விதை போடும் ஏப்ரல், மே மாதங்களில் யாருக்கும் இது நினைவு வருவதில்லை. நத்தை தின்றுவிடும், கடைசி உறைபனி கருக்கிவிடும் என்று பயந்து பாக்கெட்டில் இருப்பதையெல்லாம் போடுகிறோம். அந்த வருடம் பார்த்து எல்லாம் பிழைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, பறிக்கப் பறிக்கக் காய்ப்பது இதன் சுபாவம். ஒரு காயை முற்ற விட்டால் செடி தன் சத்தையெல்லாம் விதைக்குக் கொடுத்துவிட்டுப் புதுப் பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். வரத்தைக் குறைக்க நினைத்தால் அதைவிட நல்ல வழி பூவிலேயே பறித்துவிடுவது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எந்த அளவில் பறிக்க வேண்டும்?

10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்தில். அப்போது தோல் மெல்லிசு, விதை இருப்பதே தெரியாது, சதை கெட்டியாக இருக்கும். அதற்கு மேல் வளர வளரத் தண்ணீர்தான் கூடும், ருசி கூடாது. வெயில் நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாளாவது செடியைப் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் போதாது. இலையைத் தூக்கி, தண்டை ஒட்டி, தரையோடு படுத்திருப்பதையும் பாருங்கள். பச்சைக் காய் பச்சைத் தண்டோடு ஒளிந்து நின்று வாரக் கடைசியில் கைநீளத்துக்கு வந்துவிடும். மஞ்சள் ரகம் வைத்தால் இந்தக் கண்ணாமூச்சி இல்லை. அடுத்த வருடம் அதை யோசியுங்கள்.

காம்பைத் திருகாமல் கத்தியால் வெட்டுங்கள். இலையிலும் தண்டிலும் பொடி முள் உண்டு, முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது.

பறித்த காய் எத்தனை நாள் தாங்கும்?

ஃப்ரிட்ஜில் ஒரு வாரம். கழுவாமல், ஈரம் இருந்தால் துடைத்து, திறந்த பையில் காய்கறித் தட்டில் வையுங்கள். பின்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். 5 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் தோலில் குழிகுழியாக விழுந்து, வெளியே எடுத்ததும் கொழகொழத்துவிடும். வெட்டியதை இரண்டு மூன்று நாளுக்குள் சமைத்துவிட வேண்டும்.

ஒரு காய் கசந்தது. நன்றாக வேகவைத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

சுக்கினி, பூசணி, சுரை, வெள்ளரி எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் காட்டு மூதாதைகளில் குகர்பிட்டசின் என்ற கசப்பு நச்சு உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் தோட்ட ரகங்களில் அது போய்விட்டது. ஆனால் விதை அலங்காரப் பூசணியோடு கலந்துவிட்டால் மறுபடி தலைகாட்டும். வறட்சி போன்ற நெருக்கடியிலும் கசப்பு கூடலாம். வேகவைத்தாலும் பொரித்தாலும் அந்த நச்சு அழியாது. 2015 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில், வீட்டில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட 79 வயது முதியவர் இறந்துபோனார். குறைவாகச் சாப்பிட்ட மனைவி பிழைத்தார்.

நமக்கு இதில் தனி ஆபத்து இருக்கிறது. பாகற்காய்க் கசப்பைப் பாராட்டுகிற நாக்கு நம்முடையது. 'கொஞ்சம் கசந்தால் உடம்புக்கு நல்லது' என்று முழுங்கிவிடுவோம். சுக்கினியில் அந்தத் தர்க்கம் செல்லாது. ஒவ்வொரு செடியிலும் முதல் காயை வெட்டியதும் நுனியில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, அந்தக் காயையும் அந்தச் செடியையும் தூக்கிப் போடுங்கள். நல்ல சுக்கினி பச்சையாகவே லேசாகத் தித்திக்கும். பெரிய அளவில் உறைய வைக்கும்போதோ சட்னி செய்யும்போதோ ஒவ்வொரு காயையும் இப்படிப் பார்ப்பது நல்லது. ஒரு கசப்புக் காய் மொத்தப் பானையையும் கெடுத்துவிடும்.

அதிகமானதைச் சேமிக்க எது நல்ல வழி?

ஃப்ரீசர். மற்றதெல்லாம் ருசிக்காகச் செய்வது. குளிர்காலம் வரைக்கும் சுக்கினி சுக்கினியாகவே இருக்க வேண்டும் என்றால் வேறு சுலபமான வழி கிடையாது. இரண்டு விதமாக வைக்கலாம்.

வில்லைகளாக வைக்க: ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு நறுக்குங்கள். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு 3 நிமிடம். எடுத்த கையோடு ஐஸ் தண்ணீரில் 3 நிமிடம். வடித்து, துணியில் பரப்பி ஒற்றி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி உறைய விடுங்கள். கல்லானதும் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். தட்டில் உறைய வைக்காமல் நேரே பையில் கொட்டினால் ஒரே பாறையாக ஒட்டிக்கொள்ளும், கால் கிலோ வேண்டுமென்றால் சுத்தியல் எடுக்க வேண்டியதுதான். கொதிநீரில் போடும் வேலையைத் தவிர்க்க எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் காயில் உள்ள நொதிகள் உறைந்த நிலையிலும் மெதுவாக வேலை செய்து நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும். அதை நிறுத்தத்தான் இந்த 3 நிமிடம்.

துருவலாக வைக்க: எனக்கு இதுதான் பிடிக்கும். தோலோடு பெரிய கண் துருவியில் துருவி, இட்லித் தட்டில் துணி விரித்து ஒன்றிரண்டு நிமிடம் ஆவி காட்டுங்கள். ஆறியதும் அதே துணியில் மூட்டையாகக் கட்டி முறுக்குங்கள். முதலில் வெளிர்பச்சைத் தண்ணீர் தானாகவே ஓடும். அது நின்றபின் இன்னும் இரண்டு முறுக்கு முறுக்கினால் நுரையோடு சொட்டும். மூட்டை பாதியாகச் சுருங்கி, பிரித்தால் உருண்டை உதிராமல் நிற்க வேண்டும். அந்தப் பதம் வந்ததும் கால் கிலோப் பொட்டலங்களாகத் தட்டையாக அமுக்கி அடுக்குங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும், இடமும் குறைவு. என்ன, என்று, எவ்வளவு என்று மேலே எழுதிவையுங்கள். ஃப்ரீசருக்குள் போனபின் எல்லாப் பச்சைத் துருவலும் ஒரே முகம்தான்.

18 டிகிரி மைனஸில் எட்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை தரம் குறையாது. அடுத்த ஜூன் வருவதற்குள் தீர்த்துவிடுங்கள், புதுக்காய் வந்தபின் பழையதை யாரும் தொடமாட்டார்கள். இங்கே குளிர்காலச் சுக்கினி பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்து வருவது. 2017 ஜனவரியில் அங்கே வானிலை கெட்டுப்போய் பிரிட்டிஷ் சூப்பர்மார்க்கெட் அலமாரிகள் காலியானபோது, ஆகஸ்டில் சோம்பாமல் துருவி வைத்தவர்கள் கவலைப்படவில்லை.

உறைய வைத்ததை எடுத்துப் பொரியல் செய்தால் குழைந்துவிடுகிறதே?

குழையத்தான் செய்யும். தண்ணீர் உறையும்போது விரிந்து காயின் திசுக்களைக் கிழித்துவிடுகிறது. எந்த ஃப்ரீசரிலும் இதற்குப் பரிகாரம் இல்லை. பொரியலுக்கும் பஜ்ஜிக்கும் புதுக்காய்தான் வேண்டும். உறைந்த வில்லைகளைக் கூட்டு, சூப், சாம்பார் என்று எப்படியும் குழையப்போகிற இடத்தில் போடுங்கள். இளக விடாமல் அப்படியே கொதிக்கும் பருப்பில் போட்டால் போதும். துருவலை வடிகட்டியில் வைத்து இளகவிட்டு, மறுபடி ஒரு முறை பிழிந்து அடை மாவிலோ சப்பாத்தி மாவிலோ சேர்க்கலாம். பிழிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், மாவு பிசைய அதையே விட்டுக்கொள்ளலாம்.

நம் ஊர் முறையில் எண்ணெய் ஊறுகாய் போட்டு வைக்கலாமா?

அலமாரியில் மாதக்கணக்கில் வைக்கிற ஊறுகாயாக, வேண்டாம். அம்மா போட்ட ஆவக்காய் வருடக்கணக்கில் கெடாமல் இருந்ததே என்று எல்லோரும் கேட்பார்கள். மாங்காய், எலுமிச்சை, நெல்லிக்காய் மூன்றும் பிறவியிலேயே புளிப்பு. உப்பும் எண்ணெயும் அந்தப் புளிப்புக்குத் துணைதான். சுக்கினியில் அந்தப் புளிப்பு கிடையாது.

அதனால் என்ன ஆகும்? பொட்டுலிசம் என்ற கடுமையான நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாவின் வித்துகள் மண்ணில் சாதாரணமாகவே இருப்பவை. காற்று இல்லாத, ஈரமான, புளிப்புக் குறைந்த இடம் கிடைத்தால் முளைத்துப் பெருகும். புளிப்பு கூடி, அதை அளக்கும் பி.எச். எண் 4.6-க்குக் கீழே இறங்கினால் அவற்றால் வளர முடியாது. சுக்கினியை எண்ணெயில் மூழ்க வைத்தால் ஈரம், காற்றின்மை, புளிப்பின்மை மூன்றையும் நாமே ஏற்பாடு செய்து கொடுத்ததாக ஆகிவிடும். எண்ணெய் மேலே நின்றால் பூஞ்சை வராது என்பது உண்மை. பொட்டுலிசத்துக்கு அது தடை இல்லை, வசதி. வாசனையிலோ நிறத்திலோ வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. பூண்டு சேர்த்தால் ஆபத்து இன்னும் ஒரு படி கூடும்.

உப்புத் தண்ணீரில் போட்டு பாட்டிலில் அடைத்துக் கொதிக்க வைக்கும் முறைக்கும் இதே பதில்தான். அமெரிக்க வேளாண் துறையே முன்பு கொடுத்திருந்த சுக்கினி அடைப்பு முறைகளை, எவ்வளவு நேரம் சூடாக்கினால் பாதுகாப்பு என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் திரும்பப் பெற்றுக்கொண்டது.

உடனடி ஊறுகாய்க்குத் தடையில்லை. பொடியாக நறுக்கி, உப்புப் பிசறி அரைமணி வைத்துப் பிழிந்து, தாராளமாக எலுமிச்சைச்சாறு, மிளகாய்த்தூள், கடுகு பெருங்காயத் தாளிப்பு. கல்யாண வீட்டு மாங்காய் ஊறுகாய் போல நறுக்கென்று இருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்து நாலைந்து நாளில் காலி செய்துவிடுங்கள்.

தொக்கு?

தொக்கு செய்யலாம், ஃப்ரிட்ஜிலோ ஃப்ரீசரிலோ வைப்பதாக இருந்தால். ஒரு கிலோ துருவலில் இரண்டு தேக்கரண்டி உப்புப் பிசறி அரைமணி கழித்து இறுகப் பிழியுங்கள். கனமான வாணலியில் 100 மில்லி நல்லெண்ணெய், கடுகு, பெருங்காயம். துருவலைப் போட்டு மூடாமல் வதக்குங்கள். எலுமிச்சை அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து விட்டு, இரண்டு மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், கொஞ்சம் மஞ்சள்தூள். உப்பைச் சுவை பார்த்துப் போடுங்கள், பிழிந்ததிலேயே பாதி ஒட்டியிருக்கும். நடுத்தர நெருப்பில் முப்பது நாற்பது நிமிடம் கிளற வேண்டியிருக்கும். முதலில் கஞ்சி மாதிரி தெறிக்கும், ஒரு மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பச்சை போய்ச் செங்கல் நிறம் வரும், ஓரத்தில் எண்ணெய் பிரியும், கரண்டியோடு சுருண்டு வரும். கடைசியில் வறுத்துப் பொடித்த வெந்தயம் கடுகு ஒரு தேக்கரண்டி, வெல்லம் ஒரு துண்டு.

ஃப்ரிட்ஜில் பத்து நாள். மிச்சத்தைச் சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் வைத்தால் மூன்று மாதம். புளி விட்டிருக்கிறதே, வெளியே வைக்கலாமே என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு வீட்டுப் புளியும் ஒவ்வொரு புளிப்பு, அதை நம்பி அலமாரியில் வைக்க முடியாது. தயிர்சாதத்துக்கும் தோசைக்கும் மட்டுமல்ல, சாண்ட்விச்சில் சீஸோடு தடவினாலும் பிரமாதம்.

அலமாரியில் வைக்கிற மாதிரி எதுவுமே இல்லையா?

இருக்கிறது, வினிகர் சட்னி. வெள்ளைக்காரர்களின் சட்னியைச் சொல்கிறேன். பேரும் மசாலாவும் இந்தியாவிலிருந்து வந்தவை, வினிகரும் சர்க்கரையும் விட்டுக் காய்ச்சி வருடத்துக்கு வைப்பது அவர்கள் பழக்கம். ஒரு கிலோ சுக்கினி, அரை கிலோ வெங்காயம், 300 கிராம் புளிப்பு ஆப்பிள், எல்லாம் பொடியாக நறுக்கியது. அரை லிட்டர் வினிகர், 350 கிராம் பழுப்புச் சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி உப்பு, இஞ்சி, கடுகு, மிளகாய். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு மூடாமல் ஒன்றரை, இரண்டு மணி நேரம் சிறுநெருப்பில். மரக்கரண்டியை அடியோடு இழுத்தால் பாதை விழ வேண்டும், அந்தப் பாதையில் திரவம் ஓடி வந்து மூடக்கூடாது. அதுவரை இறக்காதீர்கள்.

வினிகர் குறைந்தது 5 சதவீத அமிலம் உள்ளதாக இருக்கட்டும், பாட்டில் லேபிளில் போட்டிருக்கும். புளிப்பு அதிகம் என்று தண்ணீர் கலக்காதீர்கள். கழுவிய பாட்டில்களை ஓவனில் 140 டிகிரியில் பதினைந்து நிமிடம் காயவைத்து, சூடான பாட்டிலில் சூடான சட்னியை ஊற்றி உடனே மூடுங்கள். மூடியின் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்க வேண்டும், வெறும் உலோகத்தை வினிகர் அரித்துவிடும். ஒரு மாதமாவது திறக்காமல் வையுங்கள். அன்றைக்கே ருசி பார்த்தால் வினிகர் மூக்கில் ஏறும், 'இதற்கா இவ்வளவு பாடு' என்று தோன்றும். காத்திருந்தால் அடங்கிவிடும்.

ஒரு வீட்டுக்கு வருடத்துக்கு நாலு பாட்டில் போதும். பன்னிரண்டு பாட்டில் செய்தவர்கள் எல்லோரும் கிறிஸ்துமஸுக்கு அதையே பரிசாகக் கொடுக்கிறார்கள். வாங்கியவர்கள் வீட்டில் அது அப்படியே இருக்கிறது.

வத்தல் போடலாமா?

போடலாம், வெயிலை நம்பி அல்ல. சென்னையில் மொட்டை மாடியில் இரண்டு நாளில் சலசலவென்று காய்கிற கத்தரி வத்தலை லண்டன் ஆகஸ்டில் எதிர்பார்க்க முடியாது. பகல் வெப்பமும் போதாது, ராத்திரி ஈரம் திரும்ப ஏறிவிடும், மூன்றாம் நாள் பூஞ்சை. 60 டிகிரியில் டீஹைட்ரேட்டர் என்ற உலர்த்தும் கருவியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். இல்லாவிட்டால் ஓவனை அதன் குறைந்தபட்ச வெப்பத்தில் வைத்து, கதவில் ஒரு மரக்கரண்டி செருகித் திறந்து வைக்கலாம். கரண்ட் பில்லைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரை சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கி, உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு வடித்து உலர்த்துங்கள். வளைத்தால் முறிய வேண்டும். துணிபோல மடங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. 95 பங்கு தண்ணீர் போனால் கிலோவுக்கு 50 கிராம் சொச்சம்தான் மிஞ்சும், பார்த்ததும் ஏமாற்றமாக இருக்கும். வத்தக்குழம்புக்கு அருமை. எண்ணெயில் பொரிக்கும்போது மட்டும் கண்ணை எடுக்காதீர்கள், போட்ட வேகத்தில் கருகும்.

வெண்பூசணியில் போடுகிற கறிவடாமையும் இதில் போடலாம். உளுந்தைக் கெட்டியாக அரைத்து, இறுகப் பிழிந்த துருவல், பச்சைமிளகாய், பெருங்காயம், உப்பு சேர்த்துக் கிள்ளி வைத்து உலர்த்துவது. துருவலைச் சரியாகப் பிழியாவிட்டால் வடாம் தட்டையாகப் பரவிவிடும்.

துருக்கியின் காசியான்தெப் பக்கம் கத்தரிக்காயையும் சுக்கினி வகைக் காய்களையும் உள்ளே குடைந்து, கூடாக நூலில் கோத்து வெயிலில் தொங்கவிடுவார்கள். குளிர்காலத்தில் அதை வேகவைத்து அரிசியும் கறியும் அடைத்துச் சமைப்பார்கள். வட லண்டனில் கிரீன் லேன்ஸ் துருக்கிக் கடைகளில் சரம்சரமாக இந்த உலர்ந்த கூடுகள் கிடைக்கும். வாங்கிப் பாருங்கள். நாமே செய்யலாமே என்றால் அதற்கும் அந்த ஊர் வெயில் வேண்டும்.

தினமும் சமைத்து வீட்டில் எல்லோருக்கும் சலித்துவிட்டது. வேறு என்ன செய்யலாம்?

சலிப்புக்குப் பாதிக் காரணம் தண்ணீர். சுரைக்காய்ப் பக்குவத்தில் மூடிபோட்டு வேகவைத்தால் சொதசொதவென்று ஆகி, யாருக்கும் பிடிக்காது. பொரியல் என்றால் அகலமான சட்டி, நல்ல சூடு, மூடி கிடையாது, உப்பு கடைசியில். நாலு நிமிடத்தில் ஓரம் சிவந்ததும் தேங்காய் தூவி இறக்கிவிடுங்கள். கூட்டு என்றால் பாசிப்பருப்பைத் தண்ணீர் குறைத்துக் கெட்டியாக வேகவைத்து, காயைச் சேர்த்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாதீர்கள், காயே விட்டுக்கொள்ளும்.

அதிகம் தீர வேண்டுமென்றால் துருவல்தான் வழி. அடை மாவு, ரவா தோசை, கோதுமை தோசை, பருப்பு வடை எல்லாமே பிழிந்த துருவலை ஏற்றுக்கொள்ளும். சப்பாத்திக்குப் பிழியாமல் போட்டுத் தண்ணீர் இல்லாமல் பிசையலாம். கால் கிலோ மாவு ஒரு நடுத்தரக் காயைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். துவையல் இன்னொன்று: தோலோடு எண்ணெயில் நன்றாகச் சுருள வதக்கி, வறுத்த உளுந்து, மிளகாய், புளி, தேங்காயோடு அரைத்தால் பீர்க்கங்காய்த் துவையலுக்குத் தம்பி. யாழ்ப்பாணத்து நண்பர்கள் வீட்டில் வெந்தயமும் பச்சைமிளகாயும் போட்டுப் பால்கறி வைப்பார்கள். கடைசியில் கட்டியான தேங்காய்ப்பால் விட்டு ஒரு கொதி, தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளி. இடியப்பத்தோடு அதைச் சாப்பிட்டபின் சுக்கினிக்கு ருசி இல்லை என்று சொல்ல மனம் வராது. மோர்க்குழம்பில் வெண்பூசணி இருக்கிற இடத்திலும் போடலாம்.

பிள்ளைகளுக்கு சாக்லேட் கேக். துருவல் கரைந்து ஈரத்தை மட்டும் விட்டுவிட்டு மறைந்துவிடும். தோல் சீவிவிட்டுத் துருவினால் பச்சைப் புள்ளிகூடத் தெரியாது.

ஊருக்குப் போய்த் திரும்பினால் முழங்கை நீளத்துக்கு ஒன்று கிடக்கிறது. அது வீணா?

இல்லை. பிரிட்டனில் அந்த அளவுக்கு வந்ததை மாரோ என்பார்கள். வில்லேஜ் ஷோக்களில் யாருடையது கனம் என்று போட்டியே நடக்கும். சமையலில் அதை வேறு காயாக நினைத்துக்கொள்ள வேண்டும். தோல் சீவி, நடுவில் உள்ள பஞ்சையும் விதையையும் கரண்டியால் வழித்தெறிந்துவிட்டால் மிஞ்சுவது கிட்டத்தட்ட வெண்பூசணிதான்.

எனவே காசி அல்வா. அரை கிலோ துருவலை லேசாகப் பிழிந்து, நெய்யில் பச்சை வாசனை போக வதக்கி, பிழிந்த தண்ணீரையே விட்டு வேகவையுங்கள். கண்ணாடி போல ஆனதும் 300 கிராம் சர்க்கரை. சர்க்கரை போட்டதும் மறுபடி இளகும், பயப்படாமல் கிளறுங்கள். நெய்யைக் கரண்டி கரண்டியாக விட்டு, அது பிரிந்து வரும்போது குங்குமப்பூ, ஏலக்காய், முந்திரி. நார்நாராக நிற்க வேண்டும், களியாகக் கூடாது. இளங்காயில் இது வராது, முற்றிய காயில்தான் அந்த நார் இருக்கிறது.

இங்கத்திய பழைய பண்டம் ஒன்று மாரோ இஞ்சி ஜாம். ஒரு கிலோ சதைத் துண்டுகளோடு ஒரு கிலோ சர்க்கரை கலந்து ராத்திரி முழுக்க வைத்து, மறுநாள் இரண்டு எலுமிச்சைச் சாறும் நசுக்கிய இஞ்சியும் சேர்த்துக் காய்ச்சுவது. எலுமிச்சையைக் குறைக்காதீர்கள். பெக்டினும் புளிப்பும் இந்தக் காயில் இல்லாததால் அதுதான் ஜாமைப் பிடித்து நிறுத்துகிறது.

செப்டம்பரில் தோல் நகம் இறங்காத அளவு கெட்டியான மாரோவாக இருந்தால் சமைக்கவே வேண்டாம். காம்போடு வெட்டி, வெயிலில் சில நாள் காயவிட்டு, குளிர்ச்சியான உலர்ந்த அறையில் ஒன்றை ஒன்று தொடாமல் வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். ஃப்ரீசரில் இடம் இல்லாதவர்களுக்கு இது நல்ல யோசனை.

பூவைச் சாப்பிடலாம் என்கிறார்களே?

சாப்பிடலாம், அதுவும் காயை விட ருசியாக. ஒரே செடியில் ஆண் பூவும் பெண் பூவும் வரும். நீளக் காம்பில் தனியாக நிற்பது ஆண். பின்னால் குட்டிக் காய் ஒட்டியிருப்பது பெண். காய்ப்பை நிறுத்த வேண்டுமா, பெண் பூவை அந்தக் குட்டிக் காயோடு பறித்துவிடுங்கள். காலையில் விரிந்திருக்கும்போது பறித்து, உள்ளே தேனீ இருந்தால் அதைப் போகவிட்டு, நடுத்தண்டைக் கிள்ளிவிட்டுக் கடலை மாவில் தோய்த்துப் பொரிக்கலாம். ரோமில் மொஸரெல்லாவும் உப்பு நெத்திலியும் அடைத்துப் பொரிப்பார்கள், வங்காளத்தில் பூசணிப்பூவை மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். நாமோ பூசணிப்பூவை மார்கழிக் கோலத்தில் வைத்துவிட்டு எண்ணெய்ச் சட்டிப் பக்கம் கொண்டுபோகாமலே இருந்துவிட்டோம்.

விதை எடுத்து அடுத்த வருடத்துக்கு வைக்கலாமா?

அலாட்மென்ட்டில் வேண்டாம். பக்கத்து மனையில் யார் என்ன பூசணி வைத்திருக்கிறார்கள் என்று தேனீ கேட்டுக்கொண்டு வருவதில்லை. கலந்த விதையிலிருந்துதான் பெரும்பாலும் அந்தக் கசப்புக் காய் வருகிறது. கலப்பின ரகமாக இருந்தால் தாயைப் போலப் பிள்ளை வராது என்பது வேறு. புதுப் பாக்கெட் வாங்குங்கள்.

யாரிடம் கொடுப்பது?

அமெரிக்காவில் ஆகஸ்ட் 8-ஐ, பக்கத்து வீட்டு வாசலில் ரகசியமாகச் சுக்கினி வைத்துவிட்டு ஓடும் நாள் என்றே வேடிக்கையாகக் கொண்டாடுகிறார்கள். பிரச்சினை எவ்வளவு பரவலானது என்று புரிந்துகொள்ளுங்கள்.

கொடுப்பதில் ஒரு மரியாதை உண்டு: சின்னக் காயாக மூன்று கொடுங்கள், பெரிய காயாக ஒன்று கொடுக்காதீர்கள். நாம் சாப்பிடத் தயங்குவதை அடுத்தவர் தலையில் கட்டினால் அடுத்த தடவை கதவு திறக்காது. அன்னதானம் நடக்கும் கோயில் மடப்பள்ளியில் கேட்டுப் பாருங்கள். பெரிய அளவில் சாம்பார், கூட்டு செய்கிற இடத்தில் பத்துக் கிலோ ஒரு வேளைக்குத்தான். முதல் நாளே போன் செய்து கேட்டுவிட்டுப் போவது நல்லது. ஃபுட் பேங்குகளில் சில புதுக் காய்கறியை வாங்கும், சில டின் சாமான் மட்டும்தான். வீட்டு வாசலில் பெட்டி வைத்து 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி வைப்பது இங்கே சகஜம், சாயங்காலத்துக்குள் போய்விடும்.

ஃப்ரீசரும் நிறைந்துவிட்டது. செடியைப் பிடுங்கிவிடலாமா?

தாராளமாக. காய்க்கிற செடியைப் பிடுங்குவது பாவம் என்று நினைக்கிறவர்கள் நம்மில் நிறைய. விட்டால் அக்டோபர் உறைபனி வரை காய்க்கும், நீங்களும் அதுவரை துருவிக்கொண்டிருப்பீர்கள். ஆகஸ்ட் கடைசியில் இலையில் மாவு தூவின மாதிரி சாம்பல்நோய் வந்திருந்தால் முதலில் அந்தச் செடியைப் பிடுங்குங்கள். ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். தண்டையும் இலையையும் துண்டாக்கி உரக்குழியில் போட்டால் சீக்கிரம் மட்கும். காலியான இடத்தைக் கொத்திவிட்டு வெந்தயமும் கொத்தமல்லியும் தூவுங்கள். மண்ணில் இன்னும் சூடு இருப்பதால் வெந்தயம் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும், செப்டம்பர் கடைசிக்குள் கீரை கிள்ளலாம். வெந்தயக்கீரை மிஞ்சிப்போனது என்று யாரும் இதுவரை கேள்வி அனுப்பவில்லை.